சொந்தமாக ஒரு வலைப்பூ: வாசகர் கேள்விகள்

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஊர் நினைவுகளை எழுதிவைக்க ஆசை. கணினி அறிவு குறைவு. வலைப்பூ தொடங்க உதவும் சேவைகளில் எது நல்லது: பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

பிளாகரிலேயே தொடங்குங்கள் அம்மா. ஜிமெயில் கணக்கு இருந்தால் இன்று மாலையே முதல் பதிவைப் போட்டுவிடலாம். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம் வரும். சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, வைக்கவும் கட்டணம் கட்ட வேண்டும். பிளாகரில் டொமைனுக்கு மட்டும்தான் செலவு. தோற்றம் கொஞ்சம் பழசுதான். எழுத்துருவைப் பெரிதாக வையுங்கள், போதும்.

தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்றே வருகிறதே?

பிளாகர் பதிவின் முகவரிக்கு ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே தலைப்பிலிருந்து எடுக்கும். தலைப்பு முழுக்கத் தமிழென்றால் அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை; அதனால்தான் 'பிளாக்-போஸ்ட்' என்று போட்டுவிடுகிறது. வெளியிடும் முன் வலப்பக்க அமைப்புகளில் பெர்மாலிங்க்கை (பதிவின் நிலையான முகவரி) திறந்து, தலைப்பு 'மீன் குழம்பு' என்றால் அதை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய இணைப்பு அறுந்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள்: 'த' என்ற ஓர் எழுத்தே சதவீதக் குறிகளோடு 9 குறியீடுகளாக நீளும். வேர்ட்பிரஸ்ஸில் முகவரியின் தலைப்புப் பகுதிக்கு 200 குறியீடுதான் இடம். அதனால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 22 எழுத்துக்குமேல் போனால் தலைப்பு முகவரியில் வெட்டுப்படும். அங்கேயும் நீங்களே சுருக்கமாகக் கொடுப்பதே நல்லது.

டொமைனை நண்பரே வாங்கித் தருகிறேன் என்கிறார். சரியா?

பணம் அவர் கட்டட்டும்; பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். என் முதல் தளத்தை அமைத்துத் தந்தவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தார். முகவரி வேறு யார் கைக்கோ போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

சேவையையே மூடிவிட்டால்?

மூடியிருக்கிறார்கள். யாஹூ 2009-இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையை மூடியது. டைப்பேட் என்ற வலைப்பூ சேவை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றது. டொமைன் உங்களுடையது என்றால் வேறு வீட்டுக்குப் பெட்டியோடு குடிபோகலாம். அந்தப் பெட்டிதான் பேக்கப், அதாவது உங்கள் பதிவுகளின் காப்பு நகல். மாதம் ஒரு முறை எடுங்கள். அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. அப்பாவின் பழைய புகைப்படத்தை ஏற்றியிருந்தால், அதன் மூலப் பிரதியைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.