ஊர் கூடிப் போதையைத் தடுக்க: பள்ளிப் பிள்ளைகளுக்கான கூட்டமைப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளிடம் போதைப்பழக்கம் பரவுகிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு குழு தொடங்கப் போகிறோம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஊர்க் கூட்டமைப்புகள் நிறைய உண்டாமே, அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி. புதிதாகத் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் செய்து முடிப்பதற்குள் களைத்துப்போகின்றன. அமெரிக்காவும் அந்த வழியில் நடந்து பார்த்த நாடுதான். 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் (D.A.R.E.) என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். நாடெங்கும் பரவியது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. பழக்கம் மட்டும் குறையவில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. போதை கெடுதல் என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு கிடைப்பதையும், பார்த்தும் யாரும் கேட்காததையும் வகுப்பறையால் மாற்ற முடியாது. ஊர்தான் மாற்ற வேண்டும்.

அங்கே 1997இல் வந்த சட்டத்தின்கீழ் இத்தகைய கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் வரை மத்திய அரசு மானியம் தருகிறது. ஒருமுறை கிடைத்தால் ஐந்தாண்டு வரை, மறுபடி விண்ணப்பித்தால் மொத்தம் பத்தாண்டு வரை. கேட்பதற்கு முன்பே ஆறு மாதமாவது குழு இயங்கியிருக்க வேண்டும். வாங்கும் தொகைக்கு ஈடாக ஊரும் பங்கு போட வேண்டும். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தன்னார்வலர் உழைத்த மணிநேரமும் இலவசமாகக் கிடைத்த அறையும் கணக்கில் சேரும்.

குழுவில் 12 தரப்பும் இருந்தாக வேண்டும்: 18 வயதுக்கு மேற்படாத இளையோர், பெற்றோர், வணிகர், ஊடகம், பள்ளி, இளையோர் அமைப்புகள், காவல்துறை, வழிபாட்டு அமைப்புகள், சேவைச் சங்கங்கள், மருத்துவத் துறையினர், அரசுத் துறை, போதைத் தடுப்பில் உள்ள பிற அமைப்புகள். ஒருவர் ஒரு தரப்புக்கு மட்டுமே பேசலாம். தலைமையாசிரியரையே பெற்றோர் என்றும் கணக்குக் காட்ட முடியாது. எல்லாவற்றிலும் முக்கியம், வருகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டுமே சொல்லக்கூடியவரை ஒவ்வொரு துறையும் அனுப்பிவைத்தால் கூட்டம் நடக்கும், வேலை நடக்காது.

அடுத்தது கணக்கெடுப்பு. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது மூன்று வகுப்புகளில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெயர் எழுதாத வினாத்தாள் கொடுப்பார்கள். கேட்பது நான்கு விஷயம்: கடந்த 30 நாளில் பயன்படுத்தினாயா, அதனால் எவ்வளவு கெடுதல் என நினைக்கிறாய், வீட்டில் தவறென்பார்களா, நண்பர்கள் தவறென்பார்களா. மது, புகையிலை, கஞ்சா, மருந்து மாத்திரை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஆசிரியர் மேசை மேசையாக வந்து எட்டிப் பார்த்தால் விடை பொய்யாகிவிடும். தாளை மடித்து மாணவரே உறையில் போட வேண்டும். பெரும்பாலும் வெளிப்படுவது என்ன தெரியுமா? பெரும்பான்மைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. ஆனால் எல்லாரும் செய்கிறார்கள் என்று நம்புகிறார்கள். 'ஊரே கெட்டுவிட்டது' என்று மேடையில் முழங்கும்போது அந்தத் தவறான நம்பிக்கைக்கு நாமே உரம் போடுகிறோம்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். 'ஏன்?' என்று ஒருமுறையும், 'இங்கே ஏன்?' என்று இன்னொருமுறையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் குடிக்கிறார்கள். ஏன்? எளிதில் கிடைக்கிறது. இங்கே ஏன் எளிதில் கிடைக்கிறது? இந்த இரண்டு கடைகளில் வயது கேட்பதில்லை. அந்தப் பாலத்தடியில் விளக்கு எரிவதில்லை. கல்லூரி படிக்கும் அண்ணன்மார் வாங்கித் தருகிறார்கள். இந்த அளவுக்கு இறங்கினால்தான் கைவைக்க இடம் கிடைக்கும். 'சமூகச் சீரழிவு', 'சினிமாவின் தாக்கம்' என்று எழுதினால் அடுத்த திங்கட்கிழமை யார் எங்கே போவது?

கடைக்கு அவர்கள் செய்வதைப் பாருங்கள். மது வாங்கும் வயது அங்கே 21. அதற்குக் குறைந்த ஓர் இளைஞர், காவலர் கண்காணிப்பில், கடைக்குப் போய்க் கேட்பார். வயதைக் கூட்டிக் காட்டும் உடை கூடாது, கேட்டால் பொய் சொல்லக் கூடாது. விற்றவருக்கு அபராதம், மறுத்தவருக்குப் பாராட்டுக் கடிதம். ஒருமுறை செய்துவிட்டு விட்டால் பயன் சில மாதத்தில் கரைந்துவிடும், அதனால் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் மிஞ்சிய வலி மாத்திரைகளுக்கு, 2010இல் தொடங்கிய திரும்பப் பெறும் நாள் இப்போது ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் தொடங்குவோர் சிறுவரைக் கடைக்கு அனுப்பும் முறையை மட்டும் கொண்டுவர வேண்டாம், அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பெரியவர்களே பள்ளியைச் சுற்றி நடந்து, கடைகளை வரைபடத்தில் குறியுங்கள். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதைத் தடுக்கிறது, அதாவது சுமார் 91 மீட்டர். 18 வயது நிரம்பாதவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முதல் சுற்றில் இந்த விதிகளை அச்சடித்த தாளைக் கடைக்காரர் கையில் கொடுத்துப் பேசுங்கள். பெட்டிக்கடைக்காரரும் ஊர்க்காரர்தான், பலர் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். பிறகும் கடையில் புகையிலைப் பாக்கெட் சரம் தொங்கினால் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். குழுவின் பெயரில் கொடுங்கள், தகவல் சொன்ன பிள்ளையின் பெயர் எந்தத் தாளிலும் வரவே கூடாது.

ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கிய பிள்ளையைக் குழு விசாரிக்கக் கூடாது. கூட்டத்தில் பெயர் சொல்வதும், பள்ளியிலிருந்து நீக்கச் சொல்வதும் அந்தப் பிள்ளையை விற்பவனிடமே தள்ளிவிடும். 14446 என்ற தேசிய உதவி எண்ணையும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

குழு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்வமுள்ள ஒருவர் எல்லாவற்றையும் சுமந்து, அவருக்கு மாற்றல் வந்ததும் நின்றுவிடும். அதனால் முதல் கூட்டத்திலிருந்தே நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுங்கள்: யார் வந்தார், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஏற்றார். கூட்டம் முடியும் முன்பே அதைச் சத்தமாக வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இலக்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கணக்கெடுப்பில் மாற்றம் தெரிய இரண்டு முதல் ஐந்தாண்டு ஆகும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.