பன்றியின் இதயத் தமனி விட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஸ்டென்ட் (தமனியை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்) சோதனைக்கு முன் பன்றியின் இதயத் தமனி எத்தனை மில்லிமீட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான வழி ஆஞ்சியோகிராம்தான், அதாவது தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். படத்தில் சாயம் செலுத்தும் மெல்லிய குழாயான கத்தீட்டரும் தெரியும். 6 பிரெஞ்சு (கத்தீட்டர் தடிமனைச் சொல்லும் அலகு) கத்தீட்டரின் வெளிவிட்டம் 2 மி.மீ. அதை அளவுகோலாக வைத்துக் கணினி தமனியை அளக்கும்.

ஆனால் முதலில் தமனியைத் தளர்த்தும் மருந்தான நைட்ரோகிளிசரின் கொடுத்தே ஆக வேண்டும். பன்றியின் தமனி கம்பி பட்டாலே சுருங்கிக்கொள்ளும். அந்த நிலையில் அளந்தால் சின்ன ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். தமனியைவிட சுமார் 1.1 மடங்கு பெரிய ஸ்டென்ட் வைப்பதுதான் வழக்கம், 3 மி.மீ. தமனியில் 0.3 மி.மீ. பிசகினால் அந்தக் கூடுதல் முழுக்கப் போய்விடும். சந்தேகம் இருந்தால் ஐவஸ் (ஒலியலைப் படம்) அல்லது ஓசிடி (ஒளியால் எடுக்கும் படம்) மூலம் உள்ளிருந்தே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பண்ணைப் பன்றி மளமளவென்று வளரும், தமனியும் கூடவே பெரிதாகும். மாதக்கணக்கில் நீளும் ஆய்வுக்கு யுகாட்டன் குட்டைப் பன்றியே நல்லது.