ஆறு மாதத்தில் 'ஆம்' போடலாமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழு மாப்பிள்ளைச் சம்பாவில் அவலும் புட்டு மாவும் செய்கிறது. பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் மெஷின் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. திட்டம் பயன்பட்டதா என்று படிவத்தோடு ஒருவர் வந்தார். 'ஆம்' போட்டோம். சரிதானா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஆறு மாதத்தில் 'ஆம்' போட்டாலும் 'இல்லை' போட்டாலும் ஒன்றுதான் அம்மா. 2020-ல் வந்த இந்தத் திட்டத்தின் கணக்கே மூன்று வருஷம். 35 சதவீத மானியம் உங்கள் கைக்கு வராது, கடன் கொடுத்த வங்கியிலேயே கிடக்கும். மூன்று வருஷம் கழித்தும் கடன் வாராக்கடனாகாமல், தொழிலும் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். அரசாங்கமே அதுவரை பொறுக்கும்போது படிவக்காரருக்கு என்ன அவசரமோ!

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் நான் மெஷினைப் பார்க்கமாட்டேன், நெல் மூட்டையைத்தான் பார்ப்பேன். சம்பா அறுப்பு தை, மாசியில். வருஷம் முழுக்க அவல் போட அப்போதே நெல் வாங்கி அடுக்க வேண்டும். பணம் அதிலே முடங்கும். ஐப்பசியில் நெல் தீர்ந்து மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. இதற்காகத்தான் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மெஷின் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்கு எழுதுகிறீர்களா? நடவுக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதைச் செலவில் எழுதுங்கள். அதற்கப்புறமும் மிஞ்சினால்தான் லாபம். நான் பார்த்த பல குழுக்களின் 'லாபம்' இந்த இடத்தில் காணாமல் போகும்.

நெல் கொடுத்த விவசாயிக்கு வியாபாரி தருவதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா என்றும் பாருங்கள். கிடைத்திருந்தால் உடனே திட்டத்துக்கு மாலை போட்டுவிடாதீர்கள். அந்த நெல்லுக்கு எங்கும் விலை ஏறியிருக்கலாம். திட்டம் எட்டாத பக்கத்து ஊரிலும் விசாரியுங்கள்.

தவிட்டில் இருக்கும் எண்ணெயால் சிவப்பு அவலில் சிக்கு வாடை வரும். கடைக்காரர் திருப்பித் தந்த பாக்கெட்டுகளையும் எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் ஒரு பாக்கெட்டோடு தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமுக்குப் போய்க் கேளுங்கள்.

அடுத்த தடவை படிவம் வந்தால் இந்த நோட்டை நீட்டுங்கள். கட்டத்தில் இடமில்லை என்றால் பின்பக்கம் எழுதிக்கொள்ளட்டும்.