சிங்கப்பூர் வெக்கையில் ஒயின் பத்து வருடம் தாங்குமா? வாசகர் கேள்வி-பதில்

ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று வாங்க ஆரம்பித்தவர்கள் பலர் இப்போது நூறு பாட்டிலை எட்டிவிட்டார்கள். எங்கே வைப்பது என்ற தவிப்பு கடிதங்களில் தெரிகிறது. ஒயின் பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையை மட்டும் பொறுக்காது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டு வீச்சிலிருந்து காக்கும் அறை, இருக்கிறது. வெளிச்சம் படாது, சுவரும் கெட்டி. அதையே ஒயின் அறையாக்கிக்கொள்ளலாமா? (பொங்கோல் வாசகர்)

வேண்டாம். இருட்டு கிடைக்கும், யாரும் அசைக்காத இடமும் கிடைக்கும். குளிர்ச்சி கிடைக்காது. பல வருடம் வைக்கும் ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிரான்ஸின் நிலவறைகள் தாமாகவே குளிர்ந்திருப்பதற்குக் காரணம் சுவர் இல்லை, அங்கே மண்ணே குளிர்ச்சி. இங்கே ஆண்டுச் சராசரியே 27, 28 டிகிரி. கான்கிரீட் எத்தனை தடிமனாக இருந்தாலும் உள்ளே அந்தச் சூடுதான் நிற்கும். 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் 28 டிகிரியில் ஒயின் முதிர்வதில்லை, வெந்துபோகிறது.

நண்பர் ஒருவர் நான்கு வருடம் ஷெல்ட்டரில் வைத்திருந்த ஆறு பரோலோ (இத்தாலியச் சிவப்பு ஒயின்) பாட்டில்களைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டில் கழுத்து மேலுறையைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். நகரவில்லை, பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் கிழித்தால், தக்கை இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்பி நின்றது. அதன் பக்கவாட்டில் ஒயின் கசிந்து காய்ந்த கருஞ்சிவப்புக் கோடு. கிளாஸில் ஊற்றியபோது விளிம்பு தேநீர் நிறம், வாசனை வேகவைத்த பேரீச்சம்பழம். ஆறும் அப்படித்தான். நல்ல ஒயின், பாவம்.

உங்களிடம் உள்ள பாட்டில்களின் மேலுறையையும் இப்படி மெதுவாகத் திருகிப் பாருங்கள். இலகுவாகச் சுழன்றால் கசிவு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சில மேலுறைகள் தயாரிப்பிலேயே இறுக்கமாக இருக்கும் என்பதால், சுழலாத ஒவ்வொன்றும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஷெல்ட்டருக்குள் ஏர்கான் போடலாமே என்பீர்கள். ஏர்கான் குழாய்க்காகச் சுவரை ஊடுருவித் துளையிட அனுமதி கிடையாது. ஒயின் குளிர்ப்பெட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடினாலும் அது வெளியே தள்ளும் சூடு அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றும். பெட்டியை ஹாலின் ஒரு மூலையில் வையுங்கள்.

படுக்கையறையில் இரவு முழுக்க ஏர்கான் ஓடுகிறது. அங்கே வைத்தால்? (ஈசூன்)

இரவு 24, பகல் 31 என்று தினமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், இறங்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு மாதத்துக்குள் குடிப்பதற்கு என்றால் சரி.

கையில் 45 பாட்டில். 50 பாட்டில் குளிர்ப்பெட்டி வாங்கினால் போதுமா? (தெம்பனிஸ்)

போதாது. விளம்பரத்தில் வரும் எண்ணிக்கை பிரான்ஸின் போர்தோ பகுதியில் புழங்கும் நேரான பாட்டிலை வைத்துப் போட்டது. பர்கண்டி, ஷாம்பெய்ன் பாட்டில்கள் வயிறு பருத்தவை. அவை கலந்தால் நாற்பதுகூட நிற்காமல் போகலாம். அப்புறம், வாங்கும் பழக்கம் பெட்டி நிறைந்தவுடன் நிற்பதில்லை. இப்போது இருப்பதுபோல் இரண்டு மடங்குக்குப் பாருங்கள்.

கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத தெர்மோ-எலெக்ட்ரிக் வகை அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் கீழே இறக்கும். நம் ஊர் மதியத்தில் திணறிவிடும். பின்பக்க ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகை இருக்கும்: ‘என்’ என்றால் 32 டிகிரி அறை வரை, ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை. நமக்கு ‘எஸ்டி’ அல்லது ‘டி’. இரட்டை வெப்பநிலை தட்டுகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சிவப்போ வெள்ளையோ, நெடுநாள் வைக்க இரண்டுக்கும் 13 டிகிரி போதும். கண்ணாடிக் கதவில் ஈரம் பூத்தால் ரப்பர் விளிம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

லண்டனில் வாங்கிய போர்தோ பெட்டிகளை அங்கேயே வரி செலுத்தாத கிடங்கில் வைப்பதா, இங்கே கொண்டுவருவதா? (ஹாலந்து சாலை)

எப்போது குடிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் அத்தகைய கிடங்கில் இருக்கும்வரை மதுவரியும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டாம். அங்கிருந்தே ஏற்றுமதியானால் கடைசிவரை வேண்டாம். இங்கேயும் உரிமம் பெற்ற கிடங்குகளில் அதே ஏற்பாடு உண்டு. வெளியே எடுக்கும் அன்றுதான் வரி.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒயினுக்கு மதுவரி, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லி, 13.5 சதவீதம் என்றால் பாட்டிலுக்கு 8 வெள்ளி 91 காசு. 30 வெள்ளி பாட்டிலுக்கும் 500 வெள்ளி பாட்டிலுக்கும் இதே தொகை. அதன் மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி; 500 வெள்ளி பாட்டிலில் அது மட்டும் 45 வெள்ளியைத் தாண்டும். ஆகவே விலை உயர்ந்தவற்றுக்கும், பின்னால் விற்கும் எண்ணம் உள்ளவற்றுக்கும்தான் கிடங்கு லாபம். சாதாரண ஒயினைப் பத்து வருடம் வைத்தால் வாடகை ஒயின் விலையையே தின்றுவிடும்.

விற்கும் யோசனை இருந்தால் அங்கேயே விடுங்கள். இங்கிலாந்தின் கார்ஷம் ஊரில், பாத் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கம் ஒன்றில், நிலத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் கீழே ஒயின் அடுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் அது வெடிமருந்துக் கிடங்கு. அப்படிப்பட்ட இடத்தை விட்டு நகராத பெட்டிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். இங்கே வரவழைப்பதானால் குளிரூட்டிய கொள்கலன் இல்லாமல் ஏற்றவே சம்மதிக்காதீர்கள்.

தனியார் ஒயின் கிடங்கில் ஒப்படைக்கும் முன் எதைக் கேட்க வேண்டும்? (பிடோக்)

பலரும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது காகிதங்களை.

2005 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் வலேஹோவில் ஒரு பெரிய ஒயின் கிடங்கு எரிந்தது. கனத்த சுவர்கள் கொண்ட பழைய கடற்படைக் கட்டடம். நெருப்பு அண்டாது என்று நம்பினார்கள். சுமார் 45 லட்சம் பாட்டில்கள் போயின. தீ வைத்தவர் அதே கட்டடத்தில் இடம் எடுத்து, பிறருடைய ஒயினைப் பாதுகாக்கிறேன் என்று வாங்கி வைத்திருந்தவர். வாடிக்கையாளர் பாட்டில்களை ரகசியமாக விற்றுவந்தார். அதை மறைக்கத்தான் தீ. 2012இல் அவருக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பறிகொடுத்த பலருக்குப் போதிய காப்பீடு இல்லை.

ஆகவே, பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறதா, அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகிறதா என்று கேளுங்கள். ‘உங்களுக்கு 12 பாட்டில் இருக்கிறது’ என்ற பட்டியல் போதாது. எந்த 12 என்று தெரிய வேண்டும். கிடங்கு திவாலானால் உங்கள் சொத்து எது என்று நிரூபிக்க அந்த எண்தான் கைகொடுக்கும். காப்பீடு வாங்கிய விலைக்கா, இன்று மறுபடி வாங்க ஆகும் விலைக்கா என்று பாருங்கள், இரண்டாவதுதான் வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் போய் உங்கள் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் தேடுங்கள். வெப்பம், ஈரப்பதம் (60 முதல் 70 சதவீதம்), மின்தடைக்கு ஜெனரேட்டர் எல்லாம் அதற்கு அப்புறம்.

விஸ்கியையும் படுக்கவைத்தே வைக்கலாமா? (சுவா சூ காங்)

கூடாது. 40 சதவீத ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். விஸ்கி நிமிர்ந்து நிற்கட்டும். தக்கை போட்ட ஒயின் படுக்கட்டும், தக்கை காயாமல் இருக்க. திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

மகள் பிறந்தது 2019. அவளுடைய 21ஆவது பிறந்தநாளுக்கு அந்த வருட ஒயினை எடுத்துவைக்க ஆசை. எது தாங்கும்? (செங்காங் அப்பா)

உங்களுக்கு நேரம் நன்றாக இருக்கிறது. 2019 போர்தோவில் அருமையான வருடம். நல்ல தோட்டத்துச் சிவப்பு ஒயின் 2040ஐச் சிரமமில்லாமல் எட்டும். இனிப்பு பிடிக்கும் குடும்பம் என்றால் சோத்தெர்ன் என்ற இனிப்பு வெள்ளை ஒயின் வாங்குங்கள். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து அதைப் பல பத்தாண்டு காப்பாற்றும். ஒன்றரை லிட்டர் மேக்னம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் முதிர்ச்சி மெதுவாக நடக்கும்.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் வாங்காதீர்கள். ஒற்றைப் பாட்டிலில் தக்கை கெட்டிருந்தால் அன்றைக்கு மாற்று கிடையாது. ஆறு வாங்கி, வீட்டில் வைக்காமல் கிடங்கில் விடுங்கள். பெட்டி எண்ணை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். 2030இல் ஒன்று, 2035இல் ஒன்று திறந்து எப்படிப் போகிறது என்று பாருங்கள். மீதி நான்கு அவளுக்கு.