√2 + 𝑖: மூலங்கள் இரண்டா, நான்கா?

அன்புள்ள ஐயா,

‘√2 + 𝑖 ஒரு மூலம்; விகிதமுறு கெழுக்களை உடைய, மிகக் குறைந்த படியுள்ள பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டைக் காண்க’ என்பது கணக்கு. √2 − 𝑖 இன்னொரு மூலம் என்று எடுத்து 𝑥² − 2√2𝑥 + 3 = 0 என்று எழுதினேன். மூலத்தைப் போட்டுப் பார்த்தால் பூச்சியம்தான் வருகிறது. ஆனாலும் மதிப்பெண் இல்லை. எங்கே தப்பு? மூலங்கள் பின்னமாக இருந்தாலும் கடைசி உறுப்பில் சறுக்குகிறேன்.

பிளஸ் டூ மாணவன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதிய சமன்பாடு சரியானதே. ஆனால் கேட்டது அது இல்லை. 𝑥-இன் கெழு −2√2, விகிதமுறா எண். கெழுக்கள் மெய்யெண்ணாக இருந்தால் போதும் என்று கேட்டிருந்தால் உங்கள் விடைக்கு முழு மதிப்பெண். வினாவில் ‘விகிதமுறு’ என்ற சொல்லுக்குக் கீழே முதலில் கோடு போடுங்கள். படி எத்தனை என்பதே அதைப் பொறுத்ததுதான்.

√2 − 𝑖 என்ற இணையெண்ணைச் சேர்த்ததும் 𝑖 போய்விட்டது, √2 போகவில்லை. √2-உம் போக வேண்டுமானால் −√2 + 𝑖, −√2 − 𝑖 இரண்டும் வேண்டும். நான்கு காரணிகளையும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். √2 உள்ள உறுப்பை மட்டும் வலப்பக்கம் தள்ளுங்கள்: 𝑥² + 3 = 2√2𝑥. வர்க்கப்படுத்தினால் 𝑥⁴ + 6𝑥² + 9 = 8𝑥². ஆக, 𝑥⁴ − 2𝑥² + 9 = 0. அந்த உறுப்பைத் தனியாக்காமல் வர்க்கப்படுத்தினால் √2 மறுபடி முளைக்கும்.

இருபடியிலேயே முடியாதா? √2 + 𝑖-யை மற்ற மூன்றோடும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். √2 − 𝑖 என்றால் கூடுதல் 2√2. −√2 + 𝑖 என்றால் 2𝑖. −√2 − 𝑖 என்றால் கூடுதல் 0, ஆசை காட்டும். ஆனால் பெருக்கல் −1 − 2√2𝑖. எதுவும் உதவாது. முப்படி என்றால் மிஞ்சும் ஒற்றை மூலம் விகிதமுறு எண்ணாக இருக்க வேண்டும். நான்கில் எதுவும் அப்படி இல்லை. அதனால்தான் நாற்படி.

இந்தக் குறிமாற்றம் வர்க்கமூலத்துக்கு மட்டும்தான். 1 + ∛2 கொடுத்தால் 1 − ∛2-ஐ ஜோடி சேர்ப்பவர்கள் நிறைய, அது தவறு. 𝑥 − 1 = ∛2 என்று எழுதி முப்படியாக்குங்கள்: 𝑥³ − 3𝑥² + 3𝑥 − 3 = 0.

இனி பின்னம். மூலங்கள் 1/2, −2/3, 3 என்று வைப்போம். கூடுதல் 17/6, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் −5/6, மூன்றின் பெருக்கல் −1. மூலங்களிலிருந்து கெழுக்களைத் தரும் வியட்டா சூத்திரத்தில் குறிகள் கழித்தல், கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வரும்: 𝑥³ − (17/6)𝑥² − (5/6)𝑥 + 1 = 0. 6-ஆல் பெருக்கும்போது கண் பின்னங்கள் மேலேயே இருக்கும், கடைசி 1 அப்படியே தங்கிவிடும். நீங்கள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். சரியான சமன்பாடு 6𝑥³ − 17𝑥² − 5𝑥 + 6 = 0. 𝑥 = 3 போடுங்கள்: 162 − 153 − 15 + 6 = 0. கடைசியில் 1-ஐ விட்டிருந்தால் −5 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.