மூன்று சீட்டு ஆடியவர் போக்கருக்குப் போகும்முன்

டாலஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், அலுவலக நண்பர்கள் வெள்ளிக்கிழமை இரவு போக்கர் ஆட அழைக்கிறார்கள், ஊரில் ரம்மியும் மூன்று சீட்டும்தான் ஆடியிருக்கிறேன், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. தனியார் வீட்டில், ஆடி ஜெயிப்பதைத் தவிர யாரும் வேறு லாபம் பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி ஆடினால் டெக்சஸ் சட்டம் குறுக்கே வராது.

அவர்கள் ஆடுவது பெரும்பாலும் டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பிறகு நடுவில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று எனப் பொதுச் சீட்டுகளைத் திறப்பார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. திறப்பதற்கு முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒரு சுற்று பந்தயம். முன்னால் கட்டியதற்கு ஈடாகக் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம்.

நம் ஆட்கள் ஏமாறுவது சீட்டு வரிசையில்தான். மூன்று சீட்டில் மூன்று ராஜா வந்தால் மூன்று ஆஸைத் தவிர எதற்கும் பயமில்லை. போக்கரில் அதை ஒரு சாதாரண ரன், அதாவது அடுத்தடுத்த எண்களில் வரும் சீட்டுகள், அடித்துவிடும். அந்த ரன்னைக் கலர், அதாவது எல்லாச் சீட்டும் ஒரே சின்னமாக வருவது, அடிக்கும். நம் ஆட்டத்துக்கு இது நேர் தலைகீழ். காரணம் வெறும் கணக்கு. மூன்று சீட்டில் ரன் 720 விதமாக அமையும், கலர் 1,096 விதமாக. ஐந்து சீட்டில் ரன் 10,200, கலர் 5,108. அரிதாக வருவதற்கே மதிப்பு. ஆக ஏறுவரிசை: ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், ரன், கலர், மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், நான்கு ஒரே எண், கலர் ரன்.

கையில் ராஜா ஜோடி இருக்கிறது, இரண்டுமே கறுப்பு. நடுவில் ஆட்டின் (சிவப்பு இதயச் சின்னம்) 7, 8, 9 திறக்கிறது. யாரிடமாவது இரண்டு ஆட்டின் இருந்தாலே அவருக்குக் கலர் ஆகிவிட்டது. எதிரில் இருப்பவர் விடாமல் ஏற்றினால் ராஜாக்களைக் கீழே போடத் தயங்காதீர்கள். நல்ல ஆட்டக்காரர் பாதிக்கு மேல் சீட்டுகளை ஆடாமலே போட்டுவிடுவார்.

உங்கள் முறை வரும்வரை வாய் திறக்காதீர்கள். பக்கத்தில் தமிழர் இருந்தாலும் ஆட்டத்தின் நடுவே தமிழில் பேசாதீர்கள், மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும். இழந்தாலும் வருந்தாத தொகையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், மேசையில் கடன் வாங்கவே கூடாது. மேலே சொன்ன வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் வீட்டில் முதல் நாள் அதைப் பார்த்து ஆடினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.