நாள் தெரியாத விசுவாசம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 31. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, சிப்ட் மாறி மாறி வரும். பாட்டி காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவர்கள். அடுத்த மாதம் சபையில் என் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட தேதியைச் சொல்கிறார்கள். எனக்குத் தேதியும் இல்லை, ஜெபத்தில் ஓர் உணர்வும் இல்லை. எனக்கு அவரை உண்மையிலேயே தெரியுமா?

பதில்: அன்புச் சகோதரி, தேதியை நினைத்துக் கலங்காதீர்கள். அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் இருவரின் விசுவாசத்தைத்தான் நினைவுபடுத்துகிறார். தீமோத்தேயு விசுவாசித்த நாள் வேதாகமத்தில் எங்கும் இல்லை.

உங்களை அரிப்பது உணர்வு பற்றிய கேள்விதான். மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் 12 வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணைப் பாருங்கள். கூட்டம் இயேசுவை நெருக்கித் தள்ளுகிறது. அவள் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டாள், சுகமானாள். அப்படியே நழுவிப் போயிருக்கலாம். அவரோ நின்று, தொட்டது யார் என்று கேட்டுச் சுற்றிலும் பார்க்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் விழுந்து நடந்ததையெல்லாம் சொல்கிறாள். அதன்பிறகுதான் 'மகளே' என்கிறார். நடுக்கம் தீராத அவளிடம்தான் 'உன் விசுவாசம்' என்றும் சொல்கிறார். தொட்டவுடன் சுகம் வந்துவிட்டது. அவரோடு முகம் பார்த்துப் பேசியது உண்மையைச் சொன்னபோதுதான்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். மாற்குவில் 16 அதிகாரங்கள். தினமும் அரை அதிகாரம் வாய்விட்டு வாசித்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். 'இங்கே இயேசு யாரைக் கவனித்தார்?' என்று கேட்டு, நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். பிறகு அந்த வரியைப் பற்றி ஐந்து நிமிடம் அவரிடம் பேசுங்கள், வீட்டில் பேசுகிற தமிழிலேயே. போதகரின் ஜெப நடையை இரவல் வாங்கினால் வார்த்தை சரளமாக வரும், உங்கள் பாரம் மட்டும் சொல்லாமல் நின்றுவிடும். வேதாகமத்தை முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிற பலர் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் நின்றுவிடுகிறார்கள். அது பிறகு ஆகட்டும். இரவு சிப்ட் முடிந்த கையோடு வாசிக்க உட்காராதீர்கள், தூக்கம்தான் ஜெயிக்கும். தூங்கி எழுந்து குளித்தபின் வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம்.

ஒன்றுமே உணராத நாளில் சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார் தாவீது. தேவன் மறந்துவிட்டாரோ என்ற சந்தேகத்தையும் அவரிடமே கொண்டுபோனார், அதுவும் ஜெபமாகவே வேதத்தில் நிற்கிறது.

சாப்பாடு, தூக்கம், பிடித்த வேலை எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால், ஜெபத்தோடு கிளினிக்குக்கும் போங்கள்.

சாட்சிக்கு இரண்டு நிமிடம் போதும். பாட்டியிடம் கற்றது ஒன்று, இந்த மாதம் மாற்குவில் உங்களை நிறுத்திய இடம் ஒன்று. இல்லாத தேதியைச் சேர்க்காதீர்கள். இன்னும் தயாராகவில்லை என்றால் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறொருவரை ஏற்பாடு செய்ய அவருக்கும் நேரம் இருக்கும்.